ஈரமான வசந்தத்தில் புல்தரை நோய்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

குளிர் விலகியும் மழை விடாத வாரங்களில் புல்தரையில் பழுப்புத் திட்டு விழுந்தால், பெரும்பாலானோர் முதலில் பூஞ்சைக்கொல்லியைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது ஒரு சிறு கத்தியை. ஆண்டுதோறும் இதே பருவத்தில் இதே கோளாறுகளைச் சரிசெய்து வருவதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு: நோயின் பெயர் என்ன என்பதைவிட, அது எதுவரை இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம். இலையோடு நின்ற நோயிலிருந்து புல் தானே தேறிவிடும். பல நேரம் நாம் குறுக்கே நிற்காமல் இருந்தாலே போதும். தூருக்கு, அதாவது புல்லின் மண்மட்டத்து அடிப்பகுதிக்கு, இறங்கிய நோய் வேறு வகை. அதில் நாள் கடத்தக் கூடாது.

ஆகவே அறிகுறிகளுக்குப் போகும் முன், எல்லாவற்றுக்கும் பொதுவான சில சோதனைகள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இவை

விடியற்காலையில் பாருங்கள். பூஞ்சை இழைகள் பனி ஈரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். வெயில் ஏறி இலை காய்ந்ததும் சுருங்கி மறைந்துவிடும். மதியம் எடுத்த புகைப்படத்தை வைத்துக்கொண்டு நோயைச் சொல்வது வெறும் ஊகம்.

திட்டின் ஓரத்தைப் பாருங்கள். நடுவில் எல்லாம் செத்துப்போய், அழுகலைத் தின்னும் வேறு பூஞ்சைகளும் குடியேறியிருக்கும். நோய் சுறுசுறுப்பாக இருப்பது பச்சையும் பழுப்பும் சந்திக்கும் ஒரு சாண் அகலத்தில்தான். அங்கே மண்டியிட்டு உட்காருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் நல்லது.

இழுத்துப் பாருங்கள். ஐந்தாறு இலைகளை விரலிடுக்கில் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள்.

- இலை மட்டும் அறுந்து, அடி அசையாமல் நின்றால்: பெரும்பாலும் இலை நோய்.
- சிம்பு (தூரிலிருந்து கிளைக்கும் ஒரு தனித் தண்டு) முழுதாக வழுக்கிக்கொண்டு வந்து, அதன் அடி பழுப்பாக நைந்திருந்தால்: இலையுறையோ தூரோ அழுகியிருக்கிறது.
- புல்தரையே பாயைச் சுருட்டுவதுபோல் மண்ணைவிட்டுக் கிளம்பினால்: இது நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. நேரே கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

தூரைப் பிளந்து பாருங்கள். மண்மட்டத்தில், வேரும் இலையும் பிரியும் அந்தத் தடித்த அடிப்பகுதிதான் தூர். மண்ணோடு ஒரு சிம்பைப் பெயர்த்து, கழுவி, கத்தியால் நெடுக்காகப் பிளக்கவும். உயிருள்ள தூர் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும், லேசாக நீர் கசியும். செத்த தூர் உள்ளே பழுப்பேறி, அழுத்தியதும் பொடியும் அல்லது கூழாகும். ஒரு திட்டின் ஓரத்தில் பத்து சிம்புகளையாவது இப்படிப் பாருங்கள். ஒன்றிரண்டை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

இன்னும் சந்தேகம் என்றால், ஓரத்து இலைகள் கொஞ்சம் எடுத்து, ஈரமாக்கிப் பிழிந்த காகிதத் துண்டோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வீட்டுக்குள் ஓர் இரவு வைக்கவும். காலையில் பஞ்சுபோன்ற இழை படர்ந்திருந்தால் பூஞ்சைக்கு வாய்ப்பு அதிகம். இழை வந்ததாலேயே அதுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது. செத்த இலையில் எந்தப் பூஞ்சையும் வளரும். ஆனால் எதுவுமே வராவிட்டால் கத்தி, உரம், நாய் மூத்திரம் போன்ற வேறு காரணங்களின் பக்கம் திரும்புங்கள்.

காரணம் தெரியும்வரை மூன்று காரியங்களை நிறுத்திவையுங்கள்: உரம் போடுவது, மாலையில் தண்ணீர் விடுவது, ஈரப்புல்லை வெட்டுவது. ஈரத்தில் வெட்டினால் இயந்திரத்தின் சக்கரமும் கத்தியுமே நோயைத் தரை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

## அறிகுறி: திட்டு எதுவும் இல்லை, தரை முழுவதும் வெளிறி மஞ்சளாகிறது

மழுங்கிய கத்தி. இலை நுனிகளைப் பாருங்கள். கூரான கத்தி வெட்டிய நுனி நேர்க்கோடாக இருக்கும். மழுங்கிய கத்தி நுனியை நாராகக் கிழித்திருக்கும். இரண்டு நாளில் அந்த நார் வெளுத்து, தூரத்திலிருந்து பார்த்தால் தரையே சாம்பல் பூத்துத் தெரியும். கத்தியைத் தீட்டுங்கள். கிழிந்த நுனி நோய்க்கும் திறந்த வாசல் என்பதால் இதை அற்பமாக நினைக்க வேண்டாம்.

பசி. தொடர்மழை தழைச்சத்தை வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறக்கிவிடும். அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. புது இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. ஒரு சதுர மீட்டரில் மட்டும் உரத்தைப் போட்டு ஒரு வாரம் பாருங்கள். அங்கே மட்டும் பச்சை ஏறினால் விடை கிடைத்துவிட்டது.

துரு நோய். வெள்ளைத் துணியால் இலையைத் துடைத்தால் செம்மஞ்சள் பொடி ஒட்டும். நடந்தால் செருப்பிலும் ஒட்டும். மெதுவாக வளரும் புல்லில்தான் துரு தங்கும். கொஞ்சம் தழைச்சத்து கொடுத்து, வளர்ந்ததை வெட்டி அந்தத் துண்டுகளை அப்புறப்படுத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நீர் தேக்கம். ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைப் பெயர்த்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடையும் கறுத்த மண் அடுக்கும் இருந்தால் வேருக்குக் காற்றே போகவில்லை. தரை நடக்கும் அளவுக்குக் காய்ந்ததும் மண்ணில் துளையிட்டு, துளைகளை மணலால் நிரப்பலாம். மழை நின்று இரண்டு நாள் கழித்தும் அதே இடத்தில் தண்ணீர் நின்றால், துளையால் தீராது. வடிகால் போடத் தெரிந்தவரை அழைக்க வேண்டிய கட்டம் அது.

## அறிகுறி: இலைமேல் மாவோ, கறுப்புப் பொடியோ, கூழோ படிந்திருக்கிறது

விரலால் தேய்த்துப் பாருங்கள்.

சாம்பலும் கறுப்புமான பொடிமணிகள் தேய்த்ததும் உதிர்ந்து, அடியில் இலை பச்சையாக இருந்தால் அது சளிப்பூஞ்சை. பார்க்கப் பயமாக இருக்கும். புல்லைத் தின்பதே இல்லை, இலையை ஏணியாகத்தான் பயன்படுத்துகிறது. காய்ந்த பிறகு பெருக்கிவிடுங்கள், அல்லது தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மருந்து எதுவும் வேண்டாம்.

வெள்ளை மாவு நிழலான இடத்தில் மட்டும் இருந்தால் சாம்பல் நோய். மரக்கிளைகளைக் கழித்து வெளிச்சமும் காற்றும் விடுங்கள். முடியாவிட்டால் நிழல் தாங்கும் புல்வகைக்கு மாறுங்கள். நிழலில் வெயில் புல்லைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் மருந்தடிப்பது வீண்செலவு.

## அறிகுறி: நாணய அளவில் வெளிறிய புள்ளிகள், காலையில் சிலந்தி வலை போன்ற வெள்ளை இழை

இது டாலர் புள்ளி நோயாக இருக்கலாம், வெறும் சிலந்தி வலையாகவும் இருக்கலாம். சிலந்தி வலை இலைநுனிகளுக்கு மேலே ஒரே தளமாக விரிந்திருக்கும். கீழே இலை பச்சையாகவே இருக்கும். பூஞ்சை இழை இலைகளுக்கு நடுவே பஞ்சாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

உறுதி செய்ய ஓரத்திலிருந்து ஓர் இலையை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இலையின் அகலம் முழுவதும் குறுக்கே ஒரு வெளிறிய பட்டை இருக்கும். நடுவில் ஒடுங்கி, மேலும் கீழும் விரிந்து, உடுக்கை வடிவில் தெரியும். அதன் இரு எல்லையிலும் செம்பழுப்புக் கோடு. பட்டைக்கு மேலேயும் கீழேயும் இலை பச்சையாக இருக்கும். இதைப் பார்த்தால் வேறு ஆதாரம் வேண்டியதில்லை. புல்வகையைப் பொறுத்து அந்தக் கோடு சிலவற்றில் மங்கலாக இருக்கலாம்.

சுமார் 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் இரவெல்லாம் இலையில் ஈரமும் இருந்தால் இது பரவும். செய்ய வேண்டியவை, எளிதிலிருந்து:

1. பனியைத் தட்டிவிடுங்கள். விடிந்ததும் நீளக் கழியையோ ஹோஸ் பைப்பையோ தரைமீது இழுத்துக்கொண்டு போனால் துளிகள் உதிர்ந்து இலை சீக்கிரம் காயும். கேட்பவர் நம்பத் தயங்கும் வைத்தியம் இது. ஆனால் இந்த நோயில் இலை ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைப்பதைவிட மலிவான மருந்து கிடையாது.
2. தண்ணீர் விடும் நேரத்தை மாற்றுங்கள். மழை இல்லாத நாளில் மட்டும், விடியலை ஒட்டி, ஆழமாக. மாலையில் தெளிப்பதை அடியோடு நிறுத்துங்கள்.
3. கொஞ்சம் தழைச்சத்து கொடுங்கள். பட்டினி கிடக்கும் புல்லில்தான் இது அதிகம் ஆடும். 100 சதுர மீட்டருக்குக் கால் கிலோ தழைச்சத்து, அதாவது ஏறக்குறைய அரை கிலோ யூரியா. காய்ந்த இலைமேல் தூவி உடனே தண்ணீர் விட்டுக் கரையுங்கள்; இலையில் தங்கினால் கருக்கிவிடும்.
4. மருந்து கடைசியில். இரண்டு வாரம் கழித்தும் புதுப் புள்ளிகள் விழுந்து, பழைய புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் மட்டும். புரோபிகொனசோல் வகை வேலை செய்யும். அசாக்ஸிஸ்ட்ரோபின் பல நோய்களுக்கு நல்ல மருந்து என்றாலும் இதற்குப் பயன்படாது. கடையில் முதலில் கையில் தருவது பெரும்பாலும் அதுவாக இருக்கும் என்பதால் கவனம். 2018இல் இந்தப் பூஞ்சைக்குக் கிளாரிரீடியா என்று புதிய பெயர் வைத்தார்கள். லேபிளில் ஸ்கிளெரோடினியா என்ற பழைய பெயர் இருந்தாலும் அது இந்த நோய்க்கான மருந்துதான்.

## அறிகுறி: இலை நுனியிலிருந்து இளஞ்சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது

இதில் குழப்பமே இல்லை. நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் நீளத்துக்குச் சிவந்த நூல் கிளைத்து நின்றால் சிவப்பு நூல் நோய். ரை புல்லிலும் மெல்லிலை ஃபெஸ்க்யூ புல்லிலும் அதிகம். தூரத்தில் திட்டு வெளிறியதாகவும் லேசாகச் சிவந்தும் தெரியும். அதற்குள் பச்சை இலைகளும் கலந்தே இருக்கும்.

தூரை இது தொடுவதில்லை. மேலே சொன்ன அளவில் தழைச்சத்து கொடுத்து, வெட்டிய துண்டுகளைச் சில வாரங்களுக்குத் தரையில் விடாமல் அள்ளிவிடுங்கள். வெயில் ஏறியதும் போய்விடும். இதற்குப் பூஞ்சைக்கொல்லி அடிக்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

## அறிகுறி: இலையில் ஊதாப் பழுப்புப் புள்ளிகள், பிறகு தரை மெலிந்துகொண்டே போகிறது

இது இலைப்புள்ளி நோய். எல்லோரும் அசட்டையாக விட்டுவிடும் அறிகுறி இது. நான் மிகவும் கவலைப்படுவதும் இதற்குத்தான். வட்டமான திட்டு இல்லை, நூல் இல்லை, பஞ்சு இல்லை. ‘புல் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது’ என்று தோன்றும், அவ்வளவுதான். நோய் இலையிலிருந்து தூருக்கு இறங்குவது அந்த வாரங்களில்தான்.

### முதல் கட்டம்: இலையில் மட்டும்

லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிறு புள்ளிகள். விளிம்பு கருஞ்சிவப்பு அல்லது ஊதா, நடுப்பகுதி வைக்கோல் நிறம். சில இலைகள் புள்ளிக்கு மேலே முழுதாக மஞ்சளாகியிருக்கும். மழையும் மேகமூட்டமும் தொடரும் குளிர்ந்த நாட்களில் இது வேகமாக ஏறும். கென்டக்கி புளூகிராஸில், குறிப்பாகப் பழைய ரகங்களில், கடுமை அதிகம்.

இங்கே வைத்தியம் முந்தைய இரண்டு நோய்களுக்கும் நேர் எதிர். தழைச்சத்து போடாதீர்கள். வசந்தத் தொடக்கத்தில் அதிகமாக உரம் வாங்கிய கொழுத்த, மென்மையான இலைதான் இந்தப் பூஞ்சைக்குப் பிடித்தது. வெளிறிய தரையைப் பார்த்ததும் யூரியாவை அள்ளிப் போடுவது இந்த நோயில் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகிவிடும். புள்ளிகளைப் பார்க்காமல் உரப்பையைப் பிரிக்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, வெட்டும் உயரத்தை ஏற்றுங்கள். புளூகிராஸ், ரை, அகன்ற இலை ஃபெஸ்க்யூ ஆகியவற்றுக்கு 7 அல்லது 8 சென்டிமீட்டர். மழையால் புல் உயர்ந்துவிட்டாலும் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்டாதீர்கள். சில நாள் விட்டு மறுபடி வெட்டலாம். ஒட்ட வெட்டினால் மிச்சமிருக்கும் நல்ல இலையும் போய், தூர் பட்டினி கிடக்கும்.

### இரண்டாம் கட்டம்: தூருக்கு இறங்கியது

சிம்புகளின் அடி பழுப்பேறி, இழுத்தால் கையோடு வருகிறது. பிளந்த பத்து தூரில் மூன்று, நான்கு பழுப்பாக இருந்தால் மேலே சொன்ன வைத்தியத்தோடு மருந்தும் தேவைப்படலாம். தயோஃபனேட்-மெத்தில் வாங்காதீர்கள், இந்த வகை இலைப்புள்ளியை அது தடுக்காது, கடுமையாக்கவும் கூடும். அசாக்ஸிஸ்ட்ரோபின், இப்ரோடையோன் போன்றவை பயன்தரும், அதுவும் மிச்சமுள்ள சிம்புகளில் நோய் இலையோடு நிற்கும்போதே அடித்தால் மட்டும்.

பாதிக்குமேல் தூர் செத்திருந்தால் மருந்துக்குச் செலவிடுவதில் அர்த்தமில்லை. அந்தப் பணத்தில் நோய் தாங்கும் ரகங்களின் விதைக் கலவையை வாங்கி, தரையைக் கீறி மேல்விதைப்பு செய்யுங்கள். மனம் ஒப்பாது என்பது தெரியும். ஆனால் செத்த தூரை எந்த மருந்தும் எழுப்பாது.

சருகு அடுக்கையும் அளந்து பாருங்கள். கத்தியால் ஆப்பு வடிவில் ஒரு துண்டைப் பெயர்த்தால், பச்சைக்கும் மண்ணுக்கும் இடையே பழுப்பான நார் அடுக்கு தெரியும். அது ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால் பூஞ்சைக்கு ஆண்டு முழுவதும் வீடு கிடைத்த மாதிரி. ஆனால் நோய் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை வாரிக் கிளறாதீர்கள். புல் தேறி வேகமாக வளரும் பருவம்வரை காத்திருங்கள்.

## அறிகுறி: வட்டத் திட்டுகள்

‘வட்டமாகக் காய்கிறது’ என்றால் அது எப்போது தெரிந்தது, இன்னும் பெரிதாகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இன்றைய ஓரத்தில் நாலு ஆணிகளை அடித்து வையுங்கள். ஒரு வாரத்தில் பழுப்பு ஆணியைத் தாண்டியதா, இல்லையா? பல குழப்பங்கள் இந்த ஆணியிலேயே தீர்ந்துவிடும்.

### நடு செத்து, சுற்றிலும் கரும்பச்சை வளையம், ஆணியைத் தாண்டவில்லை

நாய் மூத்திரம், அல்லது ஓரிடத்தில் கொட்டிய உரம். இலையில் புள்ளி இருக்காது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, செத்ததைக் கிளறி விதையுங்கள்.

### பெரிய கரும்பச்சை வளையம், சில சமயம் காளான்களோடு

காளான் வளையம். புதைந்து மக்கும் கட்டையோ வேரோ அடியில் இருக்கலாம். மழையில் இது பெரும்பாலும் அழகுக்குறை மட்டும்தான். குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ உலவும் இடத்தில் காளான்களைப் பறித்து அப்புறப்படுத்துங்கள். வளையத்தில் புல் காய்ந்து, தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் உருண்டு ஓடினால் மட்டும் மண்ணில் நெருக்கமாகத் துளையிட்டு, மண் நனைப்பான் கலந்த தண்ணீர் விடுங்கள்.

### குளிர் விலகியதும் தெரிந்த திட்டு. இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துள்ளன

செம்பு நிறமோ, ஓரத்தில் இளஞ்சிவப்போ தெரிந்தால் அது மைக்ரோடோகியம் என்ற பூஞ்சை. இதற்குப் பனிப்பொழிவே தேவையில்லை; குளிர்ந்த ஈரம் போதும். சாம்பல் நிறத்தில் படிந்து, இலையில் கடுகைவிடச் சிறிய கெட்டியான மணிகள் ஒட்டியிருந்தால் அது சாம்பல் பனிப்பூசணம். நெடுநாள் பனி மூடிக் கிடந்த இடத்தில்தான் வரும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றே: தரை காய்ந்ததும் மெல்லிய வாருகோலால் ஒட்டிய இலைகளை எழுப்பிவிட்டுக் காற்று போக வழி செய்யுங்கள். சாம்பல் வகை வெப்பம் ஏறியதும் நின்றுவிடும். மைக்ரோடோகியம் குளிர்மழை நீடிக்கும்வரை தொடரும். ஆணியைத் தாண்டினால் கவனியுங்கள். தூர் உயிரோடு இருந்தால் இரண்டிலிருந்தும் புல் மீளும்.

### அருகம்புல் பச்சை திரும்பும்போது சில வட்டங்கள் மட்டும் விழிக்கவே இல்லை

போன ஆண்டும் அதே இடத்தில் இருந்ததா? குளிர்காலத்தில் புல் பழுப்பாகி உறங்கும் இடங்களில், சில ஆண்டு வயதான அருகம்புல் தரையில் வரும் ஸ்பிரிங் டெட் ஸ்பாட் நோயாக இருக்கலாம். ஓடுதண்டையும் வேரையும் கழுவிப் பார்த்தால் கறுத்து, நொறுங்கும்.

பூஞ்சை போன இலையுதிர் காலத்திலேயே வேலையை முடித்துவிட்டது. இப்போது அடிக்கும் மருந்து முழுக்க வீண். செத்த பகுதியைக் கிளறி, ஓரத்து ஓடுதண்டுகள் உள்ளே ஊர்ந்து வர இடம் கொடுங்கள். வேர் பிடிப்பதைத் தடுக்கும் முளைக்குமுன் களைக்கொல்லிகளை அங்கே தவிருங்கள். இடங்களைப் புகைப்படம் எடுத்துக் குறித்துக்கொண்டு, மருந்து தேவையென்றால் இலையுதிர் காலத்தில் கொடுக்கத் திட்டமிடுங்கள்.

### திட்டு வாரத்துக்கு வாரம் பெருகுகிறது. ஓரம் ஆரஞ்சு நிறம்

கொரியன் புல், செயின்ட் அகஸ்டின் போன்ற வெப்பநிலப் புற்களில், பச்சை திரும்பும் வேளையில் தெரியும் இது பெருந்திட்டு நோய். ரைசோக்டோனியா என்ற பூஞ்சையின் வேலை. பல மீட்டர் அகலத்துக்குக்கூடப் போகும்.

ஓரத்தில் ஒரு சிம்பை இழுங்கள். எளிதாக வந்துவிடும். இலைப்பரப்பில் எதுவும் தெரியாது. அடியில், இலையுறை தண்டைத் தழுவும் இடத்தில், செம்பழுப்பு அல்லது கறுப்பு அழுகல் இருக்கும். இலையை மட்டும் பார்த்தவர்கள் இதைத் தவறவிடுவது அதனால்தான். மேலே உள்ள இலைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்குத் தண்ணீர் வரும் வழி அடைபட்டதால் ஆரஞ்சாகி வாடுகிறது.

சரிசெய்யும் வரிசை:

1. தண்ணீரை நிறுத்துங்கள். பெருந்திட்டு எப்போதும் தரையின் தாழ்ந்த, வடியாத பகுதியிலேயே தொடங்குகிறதா என்று பாருங்கள். தெளிப்பான் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.
2. தரை முழுதும் பச்சையாகி நோய் அடங்கும்வரை தழைச்சத்து வேண்டாம்.
3. திட்டுள்ள பகுதியைக் கடைசியாக வெட்டி, கத்தியைக் கழுவுங்கள்.
4. ஆணியைத் தாண்டிப் பரவிக்கொண்டே இருந்தால் அசாக்ஸிஸ்ட்ரோபின் அல்லது டெபுகொனசோல். பரவலை நிறுத்தும், பழைய திட்டை உடனே பச்சையாக்காது. வெயில் நிலைத்தபின் புல்தான் மூட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான தடுப்பு, மண் வெப்பம் 21 டிகிரி செல்சியஸை நோக்கி இறங்கும் இலையுதிர் காலத்தில்.
5. அதே இடத்தில் ஆண்டுதோறும் வந்தால் கோளாறு வடிகாலில் இருக்கிறது. அதுதான் இருப்பதிலேயே செலவான வேலை, நிரந்தரத் தீர்வும் அதுவே. நிலமட்டம் அளக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

## அறிகுறி: எண்ணெய் பட்டதுபோல் கறுத்து வழவழப்பான புல்

இந்த ஒன்றில் மட்டும் அவசரம். வசந்தத்தின் இறுதியில் இரவு வெப்பமும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல், தரை ஈரமாகவே கிடந்தால் பித்தியம் என்ற நோய்க்கிருமி தாக்கலாம். இலைகள் வெந்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். காலையில் வெள்ளைப் பஞ்சு தெரியும். தண்ணீர் ஓடிய பாதையிலும் இயந்திரம் போன கோட்டிலும் பரவும். ஓரிரு நாளில் தரையையே அழித்துவிடும், இளம் ரை புல்லாக இருந்தால் இன்னும் வேகமாக.

அந்தப் பகுதியில் நடப்பதையும் வெட்டுவதையும் உடனே நிறுத்துங்கள். வழக்கமான பூஞ்சைக்கொல்லிகள் பல இதில் வேலை செய்யாது, ஏனென்றால் பித்தியம் உண்மையான பூஞ்சை வகையே அல்ல. மெஃபெனோக்ஸாம், சயாசோஃபாமிட் போன்ற தனி மருந்துகள் வேண்டும். நீங்களே பரிசோதனை செய்துகொண்டிருக்க இதில் நேரமில்லை. முதல் நாளே தொழில்முறைப் பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: தரை மண்ணைவிட்டு உரிந்து வருகிறது

ஒரு அடிக்கு ஒரு அடி பெயர்த்துப் பாருங்கள். வெண்மையான, வளைந்த வேர்ப்புழுக்கள் பத்துக்குமேல் இருந்தால் புழுதான் காரணம். பூஞ்சைக்கொல்லி எதையும் தொட வேண்டாம். பறவைகளோ விலங்குகளோ இரவில் தரையைக் கிளறியிருந்தால் அதுவும் இதற்கே அடையாளம். புழு இல்லை, வேரும் குட்டையாகக் கறுத்திருக்கிறது என்றால் வேரழுகல். அதைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது, ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

## மருந்து அடிக்க முடிவு செய்தால்

லேபிளை முழுதாகப் படியுங்கள். புல்தரைக்கு, அதுவும் வீட்டுப் புல்தரைக்கு அனுமதி உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். குளோரோதலோனில் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த மருந்து. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. பழைய புட்டியில் இருப்பதை நம்பி அடிக்காதீர்கள்.

இலை நோய்க்கு அடித்தது இலையிலேயே காய வேண்டும்; தூர், வேர் நோய்க்கு அடித்ததை லேபிள் சொல்லும் அளவு தண்ணீர் விட்டுக் கீழே இறக்க வேண்டும். நல்ல மருந்து பலிக்காமல் போவதற்கு இதைத் தலைகீழாகச் செய்வது முக்கியக் காரணம். லேபிளில் உள்ள குழு எண்ணைப் பார்த்து, அடுத்த முறை வேறு எண் உள்ள மருந்துக்கு மாறுங்கள். ஒரே குழுவைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிக்கொள்ளும். குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் லேபிள் குறிப்பிடும் நேரம்வரை தரையில் விடக் கூடாது.

## எப்போது நிபுணரை அழைப்பது, எப்படி மாதிரி எடுப்பது

பித்தியம் என்று சந்தேகித்தால் உடனே. மற்றவற்றில், பாதிக்குமேல் தூர் செத்திருந்தாலோ, சரியான மருந்தை அடித்து இரண்டு வாரம் ஆகியும் பழுப்பு ஆணியைத் தாண்டினாலோ, ஒரே இடத்தில் மூன்றாம் ஆண்டும் வந்தாலோ அழையுங்கள்.

வேளாண் பல்கலைக்கழகங்களில் பயிர்நோய் ஆய்வகம் இருந்தால் மாதிரியை அங்கே அனுப்பலாம். மருந்து அடிப்பதற்கு முன் எடுங்கள். திட்டின் ஓரத்தில், பாதி நல்ல புல்லும் பாதி நோயுற்ற புல்லும் வரும்படி, ஒரு சாண் அகலத்தில், வேரோடும் மண்ணோடும் பெயர்க்கவும். மண் பகுதியை மட்டும் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். இலைமேல் மண் சிந்தக் கூடாது. தண்ணீர் தெளிக்காதீர்கள், வழியிலேயே அழுகிவிடும். வார இறுதியில் தபாலில் கிடக்காதபடி வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள். கூடவே புல்வகை, வெட்டும் உயரம், கடைசியாக உரம் போட்ட நாள், இதுவரை அடித்த மருந்துகள் ஆகியவற்றை எழுதி, திட்டை அருகிலிருந்தும் தரை முழுவதையும் தூரத்திலிருந்தும் எடுத்த இரண்டு புகைப்படங்களை இணைத்துவிடுங்கள்.